பை பார்க்கிறவள்

பி.டி. பீரியடில் என் வேலை
பை பார்ப்பது.
பூவரச மரத்தடியில் முப்பத்தொரு பை,
அவற்றோடு நான்.
"நீ உட்காரும்மா" என்றார் சார்.
கெட்ட மனிதர் இல்லை.
ஓடினால் சிரிப்பார்களே என்று
முன்கூட்டியே இரக்கப்பட்டுவிட்டார்.
அது எட்டாம் வகுப்பில்.
இப்போது பத்து.
இன்னும் எழுந்திருக்கச் சொல்லவில்லை.

ஜூலையில் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தார்கள்.
வெளியே ஆடிக்காற்று
பாம்பன் மணலையெல்லாம் ஜன்னலில் எறிந்தது.
ஒரு அக்கா மெஷினைப் படித்தாள்,
ஒரு அக்கா நோட்டில் எழுதினாள்,
இருவருக்கும் நடுவே பன்னிரண்டு அடி.
அந்தப் பன்னிரண்டு அடியில்தான்
வகுப்பு முழுக்க வரிசையில் நின்றது.
"எழுபத்தொன்பது."
"எவ்வளவு?"
"எழுபத்தொன்பது, எழுபத்தொன்பது!"
காற்றில் அவளுக்கு மட்டும்தான் கேட்கவில்லை.

மத்தியானமே இன்பன்ட் ரோச்
பெயர் வைத்துவிட்டான்: ஆவுளியா.
கரும்பலகையில் கடல்பசு,
அதற்கு இரட்டைச் சடை, ரிப்பன்.
படம் நன்றாகவே வந்திருந்தது, சொல்லத்தான் வேண்டும்.
சகாய நிஷா சிரித்தாள்.
பிறகு என்னைப் பார்த்து
சிரிக்காத முகம் ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டாள்.
ரோச்சைவிட அதுதான்...
சரி, விடுங்கள்.

சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள்:
தினம் ஒரு மணி நேரம் நடக்கவும்.
எங்கே?
சர்ச் திடலில் கிரிக்கெட்.
வலை காயும் இடத்தில் அண்ணன்மாரும் செல்போனும்.
கரையில் மற்ற எல்லாரும்.
முன்பு சனிக்கிழமைகளில்
அம்மாவோடு பாசி எடுக்கப் போவேன்.
மூச்சுப் பிடித்து முங்கினால்
அம்மாவைவிட நாலு எண்ணிக்கை நான் கூடுதல்.
பெயர் வந்தபின் இறங்கவில்லை.
நனைந்த சுடிதார் ஒட்டும்.
ஒட்டினால் நான் தெரிவேன்.
கதவைத் தாழிட்டுக்கொண்டு
ஒரு கையில் போன், ஒரு கையில் மிக்சர்.
மூன்று மாதத்தில் எண்பத்து நான்கு.
அந்த நோட்டு அக்காவிடம் யாராவது சொல்லுங்கள்,
சத்தமாக.

ஐப்பசியில் நிஜமாகவே ஒன்று வலையில் மாட்டியது.
தெற்குவாடிக் கரையில் ஊரே கூடி நின்றது.
செத்திருந்தது.
வனத்துறைக்காரர் டேப்பை நீட்டிப் பிடித்தார்.
ஒருவர் படிக்க, ஒருவர் எழுத,
நீளம், இடுப்புச் சுற்று.
"ஒஞ் சொந்தக்காரிடீ" என்றது
பின்னாலிருந்து ஒரு குரல்.
நான் அதன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
உதட்டோரம் ஒரு இழை கடற்புல்.
சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறது,
அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு யாரும் திருந்தவில்லை.
நானும் ராத்திரிச் சோற்றைக் குறைக்கவில்லை.

ஒரு வியாழக்கிழமை, மூன்றாம் பீரியட்.
கால் மரத்துப்போயிருந்தது,
காரணம் அதுவாகக்கூட இருக்கலாம்.
எழுந்தேன்.
மைதானச் சுவரோரமாக நடந்தேன்.
முதல் சுற்றில் ரோச் அந்தப் பெயரைக் கத்தினான்.
எட்டுப் பேர் சிரித்தார்கள், எண்ணினேன்.
இரண்டாம் சுற்றில் ஆறு.
செருப்புக்குள் மணல்.
தொடை உரசி எரிந்தது.
மூச்சு வாங்கியது.
எனக்குத் தெரிந்த மூச்சுதான் அது,
பாசியோடு மேலே வரும்போது வாங்குமே, அதே மூச்சு.

மூன்றாம் சுற்றின் திருப்பத்தில்
பூவரசடியில் ஒரு கறுப்பு ஆடு.
ரோச்சின் பைக்குள்
கழுத்துவரை போயிருந்தது.
வெளியே வந்தபோது வாயில் பொட்டலம்,
வாழை இலை, புரோட்டா,
நிதானமாக மென்றது.
பை பார்க்க ஆளில்லை அங்கே.
ஓடிப்போய் விரட்டியிருக்கலாம்.
ஆனால் என்னை ஓட வேண்டாமென்று
சார் சொல்லியிருக்கிறாரே.

நடந்தேன்,
நாலாவது சுற்று.